அச்சாரம் கொடுத்த பின்

வீடு தேடும் நாட்களில் மனிதனுக்கு உறக்கம் நன்றாகவே வருகிறது. பேரம் பேசும் நாட்களிலும் வருகிறது. விலை படிந்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு, அச்சாரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அன்றிரவுதான் அது போய்விடுகிறது. நம் சங்கத்து அன்பர்களில் சொந்த ஊரில் வீடு வாங்க முனைந்தவர் சிலர் இதை என்னிடம் முன்னரே சொல்லியிருந்தனர். அப்போது சிரித்துக்கொண்டே கேட்டேன். இப்போது நானே அந்த நிலையில் இருப்பதால், அதைப்பற்றி நேயர்களுக்கு நாலு வார்த்தை எழுதத் துணிகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆயினும் கடந்த இரண்டு மாதங்களாக, படிக்க வேண்டியவற்றைப் படித்தும், கேட்க வேண்டியவர்களைக் கேட்டும் வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் சத்தியவேடு. ஊத்துக்கோட்டைக்கும் தடாவுக்கும் இடைப்பட்டது. ஊருக்கு இரயில் இல்லை; இரயிலில் வேலை பார்க்கும் நானே சூலூர்ப்பேட்டையில் இறங்கிப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியவன். 1960 மார்ச் மாதம் முடிய அது சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்த செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. பட்டாஸ்கர் அவர்களின் பரிந்துரையைத் தழுவி 1959இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, திருத்தணி தமிழ்நாட்டின் பக்கம் வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவுக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது அதனுள் சேர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, இரண்டு மாநிலங்களையும் மூன்று மாவட்டங்களையும் கண்டுவிட்டது. வீட்டில் தமிழ், கச்சேரியில் தெலுங்கு என்பது அங்கே பிறந்த எங்களுக்குப் பழகிப்போன வாழ்க்கை. இந்தச் சரித்திரம் ஒரு வீட்டுப் பத்திரத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் என்று மட்டும் நான் எண்ணியதில்லை.

விஜயவாடாவில் பதினான்கு வருஷமாக இரயில்வே குவார்ட்டர்சில் குடியிருக்கிறேன். பெரியவர்கள் விட்டுச் சென்ற வீடு பாகப்பிரிவினையில் கைமாறிப் போயிற்று. வேலை முடியும் நாளில் குவார்ட்டர்சின் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவது என்ற கேள்வி, முப்பது வயதைத் தாண்டிய எந்த இரயில்வே ஊழியனையும் விடுவதில்லை. எங்கள் பக்கத்திலோ, 2008 முதல் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்து, மோட்டார் வண்டியும் சாக்லேட்டும் செய்யும் ஆலைகள் வந்துவிட்டன. சென்ட் கணக்கில் நிலம் விற்பவர்கள் வாரம் ஒரு விலை சொல்லுகிறார்கள். இந்த அவசரத்தில்தான் என் மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டு, “மாமா, நம்ம தெருவுக்குப் பின் தெருவுல ஒரு ஓட்டு வீடு வருது. இன்னும் பத்து நாள் விட்டா கிடைக்காது” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். திண்ணை, முற்றம், கொல்லையில் இரண்டு முருங்கை மரங்கள். இருபத்திரண்டு லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. அச்சாரம் இரண்டு லட்சம். தொண்ணூறு நாளில் மீதியைக் கொடுத்துப் பத்திரம் பதிவு செய்வதென்று நூறு ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டோம்.

அச்சாரத்தை வங்கி மூலமே அனுப்பினேன். அசையாச் சொத்துக்கு இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான தண்டம் விதிக்கலாம் என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் விதி இருக்கிறது. வாங்குகிறவருக்கே தண்டம் என்பதால், ரொக்கம் கேட்கும் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள். இதை மட்டும் நான் சரியாகச் செய்தேன். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவில்லை; அது என் பிழை. ஆந்திரத்தில் 1999ஆம் வருஷத்துத் திருத்தத்தாலும், தமிழ்நாட்டில் 2012ஆம் வருஷத்துத் திருத்தத்தாலும் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். நம்மவர் பெரும்பாலோர் செலவுக்கு அஞ்சிச் செய்வதில்லை. பதிவு செய்திருந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். அதே வீட்டை இன்னொருவருக்கு விற்க முயன்றால் அந்த மனிதரின் கண்ணில் பட்டுவிடும்.

அன்றிரவு வந்த சந்தேகங்களை ஒளிக்காமல் எழுதுகிறேன். விலையில் ஏமாந்துவிட்டேனோ என்பது முதலாவது. இரண்டாம் வீதியில் இதைவிட மலிவாக ஒன்று போயிற்று என்று யாரோ சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. விஜயவாடாவிலேயே தெலுங்கும் இங்கிலீஷுமாகப் படித்து வளரும் என் மகன் அந்த ஊரில் வந்து இருப்பானா என்பது அடுத்தது. மாதத் தவணை சம்பளத்தில் எவ்வளவு தின்னும் என்பது மற்றொன்று. ஆந்திரத்தில் முத்திரைக் கட்டணம் ஐந்து, மாற்று வரி ஒன்றரை, பதிவுக் கட்டணம் ஒன்று என நூற்றுக்கு ஏழரை ரூபாய் ஆகிறது. இருபத்திரண்டு லட்சத்துக்கு அதுவே ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம். அரசு வைத்த மதிப்பு அதிகமாயிருந்தால் அதன் மீது கணக்கு. வங்கிக் கடனும் முழு விலைக்குக் கிடைக்காது. முப்பது லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டின் மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விளக்கை ஏற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து என் மனைவி, “நேத்து வரைக்கும் தெரியாததா இதெல்லாம்?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம். இந்தச் சந்தேகங்களில் ஒன்றாவது புதிதன்று. வீட்டைப் பற்றியும் அன்று, என்னைப் பற்றியவை. விலை, தூரம், பிள்ளை, தவணை ஆகிய எல்லாவற்றையும் அறிந்தே கை நீட்டிக் கொடுத்தேன். அவற்றுக்காகப் பின்வாங்குவது சொன்ன சொல்லைத் தவறுவதாகும். அதற்கு விலை உண்டு. வீட்டையும் அதன் காகிதத்தையும் பற்றி எழும் சந்தேகம் வேறு வகை. அதைக் கேட்பதற்கென்றே சட்டம் நமக்கு இடம் விட்டிருக்கிறது. இந்த இரண்டு வகையும் இரவு இரண்டு மணிக்கு ஒரே முகத்தோடு வருவதுதான் தொல்லை. முதல் வகையைக் கண்டு வெட்கப்பட்டு, இரண்டாவதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறோம். “அச்சாரம் கொடுத்த பின் கேள்வி கேட்டால் நம்மை என்னவென்று நினைப்பார்கள்?” என்று எண்ணியே வில்லங்கத்தை விலை கொடுத்து வாங்கியவர்களை நான் அறிவேன். வெளியூரில் இருக்கும் நமக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகம். ஊருக்குப் போவது வருஷத்துக்கு இரண்டு முறை. அங்கே நம் பெயர் கெடக்கூடாது என்ற எண்ணம். நடுவில் நிற்பவரும் உறவினராகவே இருந்துவிடுகிறார்.

அச்சாரம் என்ற வழக்கத்துக்கே சொல்லைக் காப்பாற்றுவதுதான் அடிப்படை. வடமொழியில் அதற்குச் சத்தியங்காரம் என்று பெயர். மெய்யாக்குதல் என்பது பொருள். தெலுங்கில் பயானா என்கிறார்கள். பெயர் எதுவாயினும், கொடுத்த பிறகு எண்ணிப் பார்க்கச் சில தேசங்களில் அவகாசம் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஏலத்தில் எடுக்காத வீடாயின், ஒப்பந்தம் ஆன பின் ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். விலையில் நூற்றுக்குக் கால் வீதம் போகும். சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீட்டை மறுவிற்பனையில் வாங்குவோர் ஆயிரம் வெள்ளிக்கு மேற்படாத உரிமைப் பணம் கொடுத்து இருபத்தொரு நாள் யோசிக்கலாம். வேண்டாமென்றால் அந்தப் பணத்தோடு போயிற்று. இங்கிலாந்திலோ விலையை ஒப்புக்கொண்ட பிறகும், இரு தரப்பும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் வரை யாரும் கட்டுப்பட்டவர் அல்லர். அங்கே விற்பவரும் கடைசி நேரத்தில் கை விரிக்கலாம் என்பதால், அதை மேலான முறை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம் தேசத்தில் அவ்வாறு காரணமின்றி விலகும் நாட்கள் சட்டத்தில் இல்லை. ஆனால் 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் வேறொரு வழியில் உதவுகிறது. அதன் 54ஆவது பிரிவின்படி, விற்பனைக்கான ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எவ்விதப் பாத்தியதையையும் தராது. பதிவான கிரயப் பத்திரமே தரும். 55ஆவது பிரிவுதான் நாம் பூஜை அறையில் மாட்டி வைக்க வேண்டியது. விற்பவர் தமக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாததும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் புலப்படாததுமான முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும். கேட்டால் மூலப் பத்திரங்களைப் பார்வைக்குத் தர வேண்டும். சொத்தைப் பற்றியும் பாத்தியதையைப் பற்றியும் கேட்கும் கேள்விகளுக்குத் தமக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். வாங்குபவர் தக்க காரணத்தோடு மறுத்தால், கொடுத்த முன்பணத்துக்கும் அச்சாரத்துக்கும் அந்தச் சொத்தின் மேலேயே அவருக்குப் பிடிமானம் உண்டு. அச்சாரத்துக்கும் கிரயத்துக்கும் நடுவே உள்ள கெடு பணம் சேர்ப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று, கேட்பதற்கும் ஏற்பட்டது.

காரணமின்றிப் பின்வாங்கினால் எவ்வளவு போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தில்லி பங்களா ஒன்றை வாங்க 1949இல் ஒருவர் ஒப்பந்தம் செய்தார். விலை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அச்சாரமாக ஆயிரமும், விலையின் பகுதியாக இருபத்துநாலாயிரமும் கொடுத்தார். கிரயம் முடியவில்லை. 1963இல் உச்ச நீதிமன்றம், அச்சாரமான ஆயிரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம், நஷ்டத்தை நிரூபிக்காமல் இருபத்துநாலாயிரத்தையும் எடுத்துக்கொள்ள முடியாது என்ற கருத்தில் தீர்ப்புச் சொல்லிற்று. 2012இல் வந்த மற்றொரு வழக்கில் வீட்டின் விலை எழுபது லட்சம், அச்சாரம் ஏழு லட்சம். வாங்குபவர் பின்வாங்கியதால் ஏழு லட்சமும் போயிற்று. உயர் நீதிமன்றம் ஐம்பதாயிரம் போதும் என்றதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 மே மாதத் தீர்ப்பு பெங்களூர்ச் சொத்தைப் பற்றியது. ஐம்பத்தைந்தரை லட்சம் விலைக்கு 2007இல் கொடுத்த இருபது லட்சத்தை ஒப்பந்தத்தில் முன்பணம் என்றே குறித்திருந்தார்கள். ஆயினும், கெடுவில் மீதியைத் தராவிட்டால் பறிமுதல் என்ற வாசகம் அதில் இருந்தபடியால், அது அச்சாரமாகவே கொள்ளப்பட்டது. ஆகையால் தாளில் “அச்சாரம்” என்றிருக்கிறதா “அட்வான்ஸ்” என்றிருக்கிறதா என்று பார்த்தால் போதாது. பணம் எப்போது போகும் என்று எழுதியிருக்கிற வரியைப் பார்க்க வேண்டும். 2018ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின், ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று கேட்டு வழக்கிடுவதும் முன்னைவிட எளிதாகியிருக்கிறது. அந்த வழி வாங்குபவருக்கும் உண்டு, விற்பவருக்கும் உண்டு.

என் தாளில் அந்த வரி இருந்தது. கையெழுத்திடும்போது அதைப் படித்தேனா என்றால், முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை.

இரயில்வே ஊழியன் அசையாச் சொத்து வாங்குவதற்கு முன் மேலதிகாரிக்கு அறிவித்தாக வேண்டும். 1966ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் அது உண்டு. நம்மில் பலர் இதைத் தொல்லையாக நினைக்கிறோம். எனக்கு அதுவே நன்மையாயிற்று. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெற ஒரு வருஷமே இருக்கும் பெரிய குமாஸ்தா, “சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது?” என்ற கட்டத்தில் விரலை வைத்து, “மூலப் பத்திரம் பார்த்தாயா அப்பா?” என்று கேட்டார். 1994ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பார்த்தேன் என்றேன். அதற்கு முந்தியது எங்கே என்றார். ஆந்திரப் பதிவுத் துறை இணையத்தில் தரும் வில்லங்க விவரம் 1983இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முற்பட்டதைச் சார்பதிவாளர் காரியாலயத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும்; அல்லது வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். கேட்டேன். பெரியவர் தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்பில் கிழிந்த ஒரு பத்திரத்தை எடுத்துப் படி எடுத்துக்கொள்ளக் கொடுத்தார்.

அதை வங்கியின் வழக்கறிஞரிடம் சேர்த்தேன். மூன்றாம் நாள் அவர் “எல்லாம் சரி” என்று சொல்லிக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பழைய பத்திரத்தில் மட்டும் அவருடைய பென்சில் குறி ஒன்றையும் காணோம். கேட்டதற்கு, “அது தமிழில் இருக்கிறதே, எனக்குப் படிக்க வராது. பின்னால் வந்த தெலுங்குப் பத்திரம் பதிவாகியிருக்கிறது, அது போதும்” என்றார். அவர்மீது குற்றம் சொல்ல மாட்டேன். அவர் விஜயவாடாக்காரர். ஆனால் எனக்குப் படிக்க வருமே! அதுவரை நானும் படிக்காமல்தான் அவர் கையில் கொடுத்திருந்தேன்.

அன்று மாலை குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். 1956ஆம் வருஷம், செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சத்தியவேட்டில், விற்பவரின் தகப்பனார் அந்த மனையைக் கிரயம் வாங்கிய பத்திரம். நாலு எல்லையும் வரிசையாகச் சொல்லியிருந்தது. தெற்கே தெரு, கிழக்கே ஒருவர் வீடு, மேற்கே ஒரு சந்து, வடக்கே வாய்க்கால். கிழமேல் 24 அடி, தென்வடல் 60 அடி. இரண்டாம் முறை படித்தேன். 60 அடிதான். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தென்வடல் 78 அடி என்று இருந்தது. வடக்கெல்லையில் வாய்க்காலைக் காணோம். 24க்கு 60 என்றால் 1,440 சதுர அடி. 24க்கு 78 என்றால் 1,872. வித்தியாசம் 432 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், ஏறத்தாழ ஒரு சென்ட் நிலம் முப்பத்தெட்டு வருஷத்தில் காகிதத்தின் மேல் முளைத்திருந்தது. நான் விலை பேசிய நிலத்தில் அது காலே அரைக்கால் அன்று. ஆயினும் கால் பங்குக்குச் சற்றே குறைவு. கொல்லையில் நின்ற முருங்கை மரங்கள் இரண்டும் அந்தப் பதினெட்டடியில்தான் நிற்கின்றன.

வாய்க்கால் தூர்ந்துபோனாலும் வாய்க்கால் நிலம் புறம்போக்காகவே இருக்கும். பஞ்சாபில் ஓர் ஊர்க் குளத்தைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்டவர்கள் வழக்கில், 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நெடுங்கால அனுபவமோ கட்டடச் செலவோ அப்படிப்பட்ட ஆக்கிரமிப்பை நியாயமாக்காது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் நிலம் வாங்குவோர் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின் கீழ்ப் பதிவு செய்யக் கூடாத நிலங்களின் பட்டியல் ஒன்று ஆந்திரத்தில் இருக்கிறது. சர்வே எண்ணை அதில் தேடிப் பார்க்க வேண்டும். மற்றது டி.கே.டி. பட்டா, அதாவது நம்மவர் தர்காஸ்து நிலம் என்பது. நிலமற்ற ஏழைகளுக்கு அரசு கொடுத்த அத்தகைய நிலத்தின் விற்பனை 1977ஆம் வருஷத்துச் சட்டத்தால் செல்லாது. இருபது வருஷம் கடந்தவற்றுக்கு 2023இல் விலக்கு வந்தது. 2024இல் அவ்வாறு விடுவிக்கப்பட்ட நிலங்களின் பதிவை நிறுத்தி வைத்து ஆராயத் தொடங்கினார்கள். மலிவாக வருகிறதென்று ஆசைப்பட வேண்டாம்.

பழைய தமிழ்ப் பத்திரத்தையும் புதிய தெலுங்குப் பத்திரத்தையும் ஒத்துப் பார்ப்போருக்குச் சொல் மாற்றம் ஒரு மயக்கம். தமிழில் ஏரி என்றது தெலுங்கில் செருவு ஆகிறது. வாய்க்கால் காலுவ ஆகிறது. நத்தம் கிராமகண்டம் ஆகிறது. எல்லை ஹத்து ஆகிறது. அளவும் அப்படியே. செங்கல்பட்டுக் கணக்கில் மனை என்றால் 2,400 சதுர அடி, இருபத்துநாலு மனை ஒரு காணி. ஆந்திரத்தில் சதுர கஜம், அங்கணம் என்று போகும். அங்கணத்தின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடுவதால் எத்தனை சதுர அடி என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இடையில் யாரோ ஒரு பத்திர எழுத்தர் கொல்லை முடியும் இடத்தை அளந்து எழுதிவிட்டால், அதுவே பின்வரும் பத்திரங்களிலெல்லாம் தொடர்ந்து வரும்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். சண்டைக்குப் போவது போலத்தான் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். பெரியவர் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

“ஐயா, கொல்லைப் பக்கம் வாய்க்கால் ஒண்ணு இருந்துச்சுங்களா?” என்றேன்.

“இருந்துச்சு தம்பி. எங்கப்பா காலத்துலயே தண்ணி வர்றது நின்னு போச்சு. முள்ளு மண்டிக் கெடந்துச்சு. நாங்கதான் மண்ணடிச்சு மேடாக்கினோம். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லே.”

“பழைய பத்திரத்துல அறுபது அடிதாங்க ஐயா இருக்கு.”

“அறுபதுன்னா எழுதியிருக்கு?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நடிப்பு இல்லை. எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது ஊர் ஆந்திரத்துக்குப் போன பிறகு, படித்ததெல்லாம் தெலுங்கு. வீட்டில் பேசுவது தமிழ்தான், எழுத்துத் தெரியாது. தகப்பனார் வாங்கிய பத்திரத்தை அறுபது வருஷமாகப் பெட்டியில் வைத்து வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டியிருக்கிறார். ஒரு நாளும் படித்ததில்லை. “முழுசாப் படிங்க தம்பி” என்றார். முதலிலிருந்து படித்தேன். தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், ரொக்கம் பெற்றுக்கொண்ட விவரம், நாலு எல்லை, சாட்சிகள். சாட்சிகளில் ஒருவர் பெயர் வந்தபோது, “அவர்தான் எங்க அம்மாவோட தாய்மாமன்” என்றார். படித்து முடித்த பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

விற்பவர் தமக்குத் தெரிந்த குறையை மறைத்தால்தான் சட்டத்தில் வஞ்சகம். இவர் வாய்க்காலை அறிவார், பத்திரத்தின் அளவை அறியார். நானோ சண்டைக்குச் சேர்த்து வைத்த வார்த்தைகளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். ஆயினும் வாயால் பேசியதோடு விடவில்லை. விஜயவாடா வந்ததும், இரண்டு பத்திரங்களின் அளவையும் குறித்து, வடக்குப் பதினெட்டடிக்கு என்ன ஆதாரம் என்று கேட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். நல்லெண்ணம் மனிதர் இருக்கும் வரைதான். தாள் அதற்குப் பிறகும் இருக்கும். மைத்துனருக்கு இது பிடிக்கவில்லை. “நம்ம பெரியவருக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலா மாமா?” என்று இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்தார். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. மீசேவா மையத்தில் மனுக் கொடுத்து மண்டல நில அளவையரை வரவழைக்கலாம் என்று அவரே சொன்னார். ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் கெடுவை முப்பது நாள் நீட்டித்து, அளவில் புறம்போக்கு என்று தெரிந்தால் அறுபதடிக்கு உரிய விலையே தருவதென்றும், அது ஒத்துவராவிட்டால் அச்சாரத்தைக் குறைவின்றித் திருப்பித் தருவதென்றும் எழுதி, இருவரும் சாட்சிகளோடு கையெழுத்திட்டோம். இம்முறை ஒவ்வொரு வரியையும் படித்தேன்.

வாங்கப் போகிறேனா என்று கேட்டால், இதை எழுதும் இன்று எனக்குத் தெரியாது. முருங்கை மரமில்லாத அந்த வீட்டை என் மனைவி விரும்புவாளா என்பது ஒன்று. தவணையைப் பற்றிய பயமும் போய்விடவில்லை. அது என்னுடையது, அதற்கு நில அளவையர் வந்து பயனில்லை. ஆனால் கணக்குத் தாளை எடுத்து வைத்துவிட்டேன். இரவில் உறங்குகிறேன்.

நில அளவையர் வரும் வியாழக்கிழமை வருகிறார். விடுப்பு மனு மேலதிகாரியின் மேசையில் இருக்கிறது. நேற்றிரவு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அளவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “வியாழக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க தம்பி. பேரன் காலேஜ்லேருந்து வர்றான். அந்தப் பத்திரத்தை அவனுக்கும் ஒருவாட்டி படிச்சுக் காட்டணும்” என்றார்.